தட்டிக் கூப்பிடக் கூடாதாம்

இன்னைக்கு பெங்களூர் மல்லேஸ்வரத்துல ஸ்பீச் தெரபி முடிச்சு பஸ்ல வந்தோம். என் பொண்ணு கயலுக்கு ஏழு வயசு. காது கேக்குறதுக்காக காக்ளியர் இம்ப்ளாண்ட் வச்சு எட்டு மாசம் ஆகுது.

தெரபி மேடம் ரொம்பக் கண்டிப்பு. "தொட்டுக் கூப்பிடாதீங்க, கையைக் காட்டாதீங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க, அவளாத் திரும்பணும்." வீட்ல எல்லாரும் அப்படித்தான் பழகுறோம்.

பஸ்ல செம கூட்டம். அவ முன்னாடி லேடீஸ் சீட்ல. நான் பின்னாடி கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கிறேன். எங்க ஸ்டாப் வந்துச்சு.

"கயல்!"

பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. அவ மட்டும் ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தா.

மறுபடி கூப்பிட்டேன். கண்டக்டர், "கூகாடபேடி சார்!"னு, கத்தாதீங்கன்னு கன்னடத்துல, என்னைவிடச் சத்தமா கத்தினார்.

அவ பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா அவ தோளைத் தட்டப் போனாங்க. நான் பதறிப்போய், "தட்டாதீங்கம்மா, அவளாத் திரும்பட்டும்!"னு சொன்னேன். புள்ளை பிடிக்கிறவனைப் பாக்குற மாதிரி பாத்தாங்க.

நாலு தடவை கூப்பிட்டேன். ஸ்டாப் போயிடுச்சு. எட்டு மாசப் பாடும் வீணான்னு தோணுச்சு. அடுத்த ஸ்டாப்ல நானே போய்த் தோளைத் தட்டி இறக்கினேன்.

திரும்பி நடக்கும்போது அவளாவே சொன்னா: "அப்பா, நாலு தடவை கூப்ட்ட."

"கேட்டுச்சா? அப்புறம் ஏன் திரும்பல?"

"எல்லாரும் பாத்தாங்க. வெக்கமா இருந்துச்சு."

காது கேக்காத பொண்ணை எப்படிக் கூப்பிடணும்னு எனக்குத் தெரியும். கேட்டும் திரும்பாத பொண்ணை எப்படிக் கூப்பிடுறது? புள்ளைங்க வச்சிருக்கறவங்க யாராவது சொல்லுங்கப்பா.