ரசமட்டம் வைத்துப் பூட்டிய கார்புரேட்டர்

விஷயத்துக்குள் நுழையுமுன் என் தகுதியைச் சொல்லிவிடுவது முறை. நான் இயற்பியலில் முதல் வகுப்பில் தேறியவன். எங்கள் தெருவில் பட்டம் பெற்ற முதல் ஆள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன். கம்பத்திலிருந்து கூடலூர் வரை என்னைக் கண்டு வணக்கம் சொல்லாமல் போகிறவர்கள் இரண்டே வகையினர்: என்னை அறியாதவர்கள், என்னிடம் படித்துத் தோற்றவர்கள். தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. கார்புரேட்டர் பற்றி ஒருவர் என்னிடம் ஏன் யோசனை கேட்டார் என்பது உங்களுக்கு விளங்க வேண்டும் அல்லவா, அதற்காக.

கேட்டவர் ஒரு பல் மருத்துவர். வாரம் முழுவதும் ஊராரின் வாய்க்குள் குனிந்து பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பின் பானெட்டுக்குள் குனிபவர். அவரைப் போன்ற சிலர் சேர்ந்து, கரடுமுரடான இடங்களில் ஜீப் ஓட்டுவதற்கென்று சங்கம் வைத்திருக்கிறார்கள். ஜீப்பை லாரியில் ஏற்றித் தேவாரம் பக்கத்து மலையடிவாரத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே சேறு இருக்காது. டேங்கரில் தண்ணீர் வரவழைத்துச் சேறு செய்வார்கள். அதில் ஜீப்பைச் சிக்க வைத்து, இன்னொரு ஜீப்பால் இழுத்து வெளியே எடுத்து, கைதட்டி, கழுவித் துடைத்து, மறுபடியும் லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். நாங்கள் சேற்றில் சிக்கிய நாட்களில் கைதட்ட ஒருவரும் இல்லாமல் போயிற்றே என்று எனக்கு மனக்குறைதான்.

போன ஞாயிறு அவர் என் வீட்டுக்கு வந்து, முன்னறை மேசைமேல், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கார்புரேட்டர்கள் மூன்றை வரிசையாக வைத்தார். அடியில் செய்தித்தாள் விரிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். ஒன்று, ஜீப்போடு கூடப் பிறந்த சிறிய ஒற்றை வாய்க் கார்புரேட்டர், கறுத்துப் போயிருந்தது. இரண்டாவது, அதே அச்சில் புதிதாக வார்த்து இணையத்தில் விற்பது. கல்யாணச் சீருக்கு வைத்த பாத்திரம்போலப் பளபளத்தது. மூன்றாவது, ஏதோ பெரிய காரிலிருந்து கழற்றிய இரட்டை வாய்க் கார்புரேட்டர்.

"எதப் போடலாம் சார்? எல்லாரும் டபுள் பேரலத்தான் சொல்றாக" என்றார்.

அந்த மூன்றாவதிலிருந்து நாட்பட்ட பெட்ரோல் வாசனை வந்தது. அதோடு பச்சை ஏலக்காய் வாசனையும் வந்தது. மேசையில் ஏலக்காய் ஏது? மூக்குக்கு இந்த வயதில் இப்படியொரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றையும் தானாகவே சேர்த்துக்கொள்கிறது.

அப்பாவின் ஜீப்பில் அந்த இரண்டு வாசனைகளும் எப்போதும் உண்டு. காலையில் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி அது. எட்டுப் பேர் இருக்கத் தக்க இடத்தில் பதினான்கு பெண்கள், பதினான்கு தூக்குவாளிகள். மேலே தோட்டத்து வாசலில் கங்காணி நோட்டும் கையுமாக நிற்பார். ஏழு மணிக்குப் பேர் பதிவு. நோட்டை மூடிய பிறகு வந்து சேர்ந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. வந்த வழியே இறங்க வேண்டியதுதான். ஜீப் மலையில் நின்றால், கீழே பதினான்கு வீடுகளில் அன்றைய கூலி நின்றது என்று பொருள்.

அந்த மலை ஜீப்புகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பின் படிக்கட்டை ஒட்டி உட்காருகிறவர் மடியில் ஒரு புளியங்கட்டை இருக்கும். மேட்டில் வண்டி நின்றுவிட்டால் சட்டென்று குதித்துப் பின் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. ஹேண்ட் பிரேக் என்பது அந்த வண்டிகளில் அலங்காரத்துக்கு வைத்திருந்தது. எங்கள் ஜீப்பில் அந்த இடம் பேச்சியம்மாளுடையது. நாற்பது வயதிருக்கும். எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் டிரைவருக்குத் தெரியுமுன் அவருடைய கால் படிக்கட்டுக்கு வந்துவிடும். இதற்கென்று கூலி எதுவும் இல்லை. இடம் கொஞ்சம் காற்றோட்டமானது, அவ்வளவே.

நான் பட்டத்தை வாங்கிவிட்டு வேலையை எதிர்பார்த்து வீட்டில் இருந்த காலம். மேல் வளைவுகளில் ஜீப் கரும்புகை கக்கித் திணறியது. எங்கள் டிரைவரும் மெக்கானிக்குமான காசிம் ராவுத்தர், உத்தமபாளையத்துக்காரர், உள்ளே இருக்கும் பெட்ரோல் ஊசித்துளையைச் சிறிதாக்கினால் சரியாகிவிடும் என்றார். இயற்பியல் படித்தவன் அதை ஒப்புவானா? உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. ஆகவே எஞ்சினுக்கு மூச்சு வாங்கப் பெரிய வாய் வேண்டும். இது என் சித்தாந்தம். மதுரைக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் காரின் இரட்டை வாய்க் கார்புரேட்டர் ஒன்றை வாங்கிவந்தேன். ஜீப்பில் அது பொருந்தத் தேனியில் லேத்துப் பட்டறையில் ஒரு தகடும் கடைந்து வாங்கினேன்.

ராவுத்தர் அதைக் கையில் வாங்கி, தண்ணீர்ச் செம்பைச் சாய்ப்பதுபோலச் சாய்த்துப் பார்த்தார். "தம்பி, இது தரையில ஓடுற வண்டிக்குப் பெறந்தது. சாஞ்சா கொட்டிரும்" என்றார்.

நான் படம் வரைந்து விளக்கினேன். அவர் படத்தையும் வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். படத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை போலும் என்று இரங்கி நேராக்கிக் கொடுத்தேன். மறுபடியும் சாய்த்தார். படிக்காதவர்களோடு வாதிடுவதில் பயனில்லை என்று நானும் விட்டுவிட்டேன். அப்பா நடுவில் புகுந்து, "படிச்ச பிள்ள சொல்றான், போட்டுத்தான் பாப்பம் ராவுத்தரே" என்றார். என் படிப்புக்கு அவர் கொடுத்த முதல் மரியாதை அது. கடைசி மரியாதையும் அதுதான் என்று அப்போது தெரியாது.

கார்புரேட்டர் மட்டமாக உட்கார வேண்டும் என்பதில் நான் மிகக் கண்டிப்பாக இருந்தேன். எதிர் வீட்டில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கிவந்து அதன் தலைமேல் வைத்தேன். குமிழி சரியாக நடுக்கோட்டில் வந்து நிற்கும்வரை வாஷர் வைத்து வைத்து ஒரு பிற்பகல் முழுக்கப் பூட்டினேன். தோட்டத்திலிருந்து இறங்கி வந்த பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். பேச்சியம்மாள் கட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டார்:

"வண்டிய மட்டம் பண்ணிட்டீக, சரி. மலையவும் மட்டம் பண்ணிட்டீகளா தம்பி?"

பெண்கள் சிரித்தார்கள். விஞ்ஞானத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் வரலாற்றில் நிறைய உண்டு என்று எண்ணி நானும் பெருந்தன்மையோடு சிரித்தேன்.

வெள்ளோட்டம் பிரமாதம். திராட்சைத் தோட்டங்களின் ஊடே உத்தமபாளையம்வரை போனோம். இரண்டு பேருந்துகளை முந்தினேன். திரும்பி வந்து கடைவீதியில், நாளை முதல் எங்கள் ஜீப் கம்பம்மெட்டு மலையின் பதினெட்டு வளைவுகளையும் நில்லாமல் ஏறும் என்று கேட்டவர்களிடமும் கேளாதவர்களிடமும் சொன்னேன். உத்தமபாளையம் சாலை தாம்பாளம்போலச் சமமானது என்பதை எவரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் குறித்துக்கொண்டிருப்பேனா என்பது சந்தேகம்.

மறுநாள் காலை முன் சீட்டில் ராவுத்தருக்குப் பக்கத்தில், ஆய்வு செய்யும் பொருட்டு ரசமட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்காம் வளைவில் எஞ்சின் விக்கியது. புது மருமகளின் கூச்சம் என்று சொன்னேன். ராவுத்தர் கியரைக் குறைத்தார். எட்டில் இருமியது. பதினொன்றாம் வளைவில், மேடும் திருப்பமும் ஒன்றாகச் சேரும் இடத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல் செத்தது.

நடந்தது இவ்வளவுதான்: வண்டியின் மூக்கு உயர்ந்தபோது கார்புரேட்டரின் முன்பக்கம் இருந்த பெட்ரோல் கிண்ணமும் உயர்ந்தது. பெட்ரோல் யாருடைய அனுமதியும் இன்றி எஞ்சினுக்குள் வழிந்து அதை மூழ்கடித்தது. உயரமான பாத்திரத்திலிருந்து தாழ்வான பாத்திரத்துக்குத் திரவம் ஓடும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். நான் அதையெல்லாம் தாண்டி வெகுதூரம் போய்விட்டிருந்தேன்.

ராவுத்தர் பிரேக்கின்மேல் ஏறியே நின்றார். அத்தனை பாரத்துக்கு அது போதவில்லை. வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தது. பின்னால் தடுப்புச்சுவர் உடைந்து கிடந்த இடம். அதற்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கு, வெகு அழகாக, வெகு கீழே. ரசமட்டத்தில் குமிழி ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெதையும் செய்ததாக நினைவில்லை.

வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தபோது பேச்சியம்மாள் சக்கரத்தருகே குந்தியிருந்தார். கட்டை சக்கரத்துக்கு அடியில் இருந்தது. அவருடைய இடது கையின் இரண்டு விரல்கள் கட்டைக்கும் ஒரு கல்லுக்கும் இடையில் இருந்தன. கையை விடுவித்து என் கைக்குட்டையால் கட்டினேன். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது. என் வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம்.

ராவுத்தர் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழைய லுங்கி மூட்டையை எடுத்து அவிழ்த்தார். உள்ளே எங்கள் பழைய ஒற்றை வாய்க் கார்புரேட்டர், துடைத்து வைத்தபடி. என் விஞ்ஞானத்தின்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கை அந்த லுங்கிக்குள் இருந்தது. நடுரோட்டில் நின்று மாற்றிப் பூட்டினார். ஒரு சொல் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

விரல் நசுங்கிய பேச்சியம்மாளை முன்னால் உட்கார வைத்து, அவருடைய இடத்தில் நான் உட்கார்ந்தேன். கட்டையை என்னிடம் நீட்டினார். அதை மடியில் வைத்துக்கொண்டு மீதி ஏழு வளைவுகளையும் ஏறினேன்.

தோட்டத்தை அடைந்தபோது கங்காணி நோட்டை மூடிவிட்டார். பெண்கள் தூக்குவாளிகளோடு வாசலில் நின்றார்கள். கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டையில் ரத்தம், கையில் கட்டை. "நீங்களா குதிச்சுக் கட்ட குடுத்தீங்க? படிச்ச ஆளு!" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று இன்றுவரை எனக்கே உறுதியாகத் தெரியாது. அதற்குள் பேச்சியம்மாள் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார்.

"ஆமாங்கய்யா, அவுகதான் குதிச்சாக. அவுக இல்லன்னா நாங்க இல்ல. அவுக முகத்துக்காகவாச்சும் எங்க பேரப் பதிஞ்சுக்கங்க."

கங்காணி நெகிழ்ந்துபோய் நோட்டைத் திறந்தார். பதினான்கு பேரும் பதிவானார்கள். பேச்சியம்மாள் அன்று ஒரு கையால் காய் எடுத்தார்.

ஆக, அந்தப் பொய் என்னுடையது அல்ல. நான் செய்ததெல்லாம் அதைப் பல்லாண்டுகள் பேணிப் பாதுகாத்ததுதான். சாயங்காலத்துக்குள் அது கடைவீதிக்கு இறங்கிவிட்டது. வண்டி ஏன் நின்றது என்று கேட்டவர்களுக்கு, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது என்று நானே சொன்னேன். ராவுத்தர் பக்கத்தில்தான் இருந்தார். காதில் விழாதவர்போல டயரில் காற்றுப் பார்த்தார். அடுத்த மாதம் எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது. சமமான தரையில், சமமான மேசைகளுக்கு நடுவே, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தவறே செய்யாமல் கழித்தேன்.

பேச்சியம்மாளின் துக்கத்துக்கு நான் போயிருந்தேன். அந்த இரண்டு விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை என்று அங்கேதான் தெரிந்தது. "அன்னைக்கு எங்காத்தாவக் காப்பாத்துனவுக வந்திருக்காக" என்று சொல்லி அவர் மகள் எனக்கு நாற்காலி போட்டாள். உட்கார்ந்தேன்.

ஜீப்புகள் இன்றும் அந்த மலையில் ஏறுகின்றன, எல்லாம் டீசல். கார்புரேட்டர் என்ற சொல்லே அந்த டிரைவர்களுக்குத் தெரியாது. தடுப்புச்சுவரைக் கட்டிவிட்டார்கள். லுங்கி மூட்டையோடு ராவுத்தரும் போய்விட்டார். பின் படிக்கட்டருகே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மடியில் இப்போது கைப்பேசி இருக்கிறது. கொத்தனாரிடம் திருப்பித் தர மறந்த ரசமட்டம் மட்டும் என் அலமாரியில் இருக்கிறது, உள்ளே திரவம் வற்றிக் குமிழியும் இல்லை.

பல் மருத்துவரிடம், அந்தக் கறுத்த சிறியதையே போடுங்கள், போடுமுன் சாய்த்துப் பாருங்கள் என்று சொன்னேன். அவருக்கு ஏமாற்றம். போகும்போது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு என் புகைப்படம் கேட்டார். மலையில் கட்டை கொடுத்துப் பதினான்கு பேரைக் காத்தவர் என்று கீழே போடப் போகிறார்களாம், பொன்னாடையும் உண்டாம். படத்துக்குப் பதிலாக இந்தக் கட்டுரையைக் கொடுக்கிறேன்.

கட்டை கொடுத்தது பேச்சியம்மாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெட்ரோலில் தண்ணீர் கலக்கவில்லை.