கவுன்சிலர் படம் கீழே வட்டத்தில்

காலையில் கடையைத் திறந்ததும் நான் பார்க்கிற முதல் வேலை, யாராவது ஒரு பெரிய மனிதரின் தொப்பையைக் கரைப்பது. தென்காசியில், குத்துக்கல்வலசைக்குப் போகிற வழியில், ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். கடையும் மெஷினும் காதர் பாய்க்குச் சொந்தம். வளைகுடா வெயிலில் சம்பாதித்ததையெல்லாம் இதில் போட்டுவிட்டு, இப்போது ஏசி அறைக்குள் உட்கார்ந்து வேர்க்கிறார். வேலையும் ஏச்சும் எனக்கு.

பஸ் ஸ்டாப்பை மறைத்துக்கொண்டு நிற்கிற ஃபிளெக்ஸைப் பார்த்து, ‘எந்தக் கூறுகெட்டது இதைச் செஞ்சது’ என்று திட்டுகிறீர்களே, அது நான்தான். ஆனால் என் பாட்டையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நீங்கள் அந்த முகத்தை ஒரு நிமிஷத்தில் கடந்து போய்விடுவீர்கள். நான் அதை நாள் முழுக்கப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், மூக்குமயிர் உட்பட.

ஜெயித்தது யார்?

எங்கள் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் ஒரு வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அங்கே சண்முகவேல் அண்ணாச்சி வெகுகாலமாகக் கட்சிக்கொடி பிடித்துக்கொண்டிருந்தவர். தனக்குச் சீட்டு இல்லை என்றதும் மனைவி மாரிச்செல்வியை நிறுத்தினார். அந்த அக்கா ஜெயித்தும்விட்டார். நன்றி ஃபிளெக்ஸ் போட அண்ணாச்சி நேரில் வந்தார். அவர் படம் முழு உயரத்துக்கு. வெள்ளைச் சட்டை, காதில் செல்போன், எங்கேயோ நாடு தாங்காத அவசரத்தில் நடக்கிற நடை. மேலே தலைவர்கள் வரிசை. பின்னால் ஒரு சிங்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ‘வெற்றி வேங்கையே’ என்று பட்டமும் போடச் சொன்னார். சிங்கத்துக்கும் வேங்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற சம்பளம் எனக்குக் கிடையாது.

எல்லாம் முடிந்த பிறகும் ஏதோ இடித்தது. “அண்ணாச்சி, ஜெயிச்சது அக்காதான? அவங்க படம்?” என்றேன். அப்போதுதான் அவருக்கே நினைவு வந்தது. பர்ஸைத் துழாவி ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்து நீட்டினார். அதில் அந்த அக்கா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி சொன்னார்: “அவ படத்தைக் கீழ வட்டத்துல போடு தங்கச்சி. பல்லு தெரியாம பாத்துக்க.”

அம்மனுக்கு இடம் இல்லை

கோயில் கொடை, தர்கா கந்தூரி, சர்ச் திருவிழா மூன்றுக்கும் எங்கள் கடைதான். மூன்று தரப்பும் உள்ளே வந்ததும் முதலில் கேட்பது விலையை அல்ல, ‘அவங்க எத்தனை அடி போட்டாங்க?’ என்பதை. அவர்கள் பத்தடி என்றால் இவர்களுக்குப் பன்னிரண்டு. அது வெளியே தெரிந்தால் அடுத்தவர்களுக்குப் பதினைந்து. எல்லா மதத்தையும் சமமாகப் பார்க்கிறவர் எங்கள் பாய் ஒருவர்தான்; எல்லாரிடமும் முன்பணம் வாங்கிவிடுவார். எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருந்ததில்லை. ஆனால் கடவுளை அடிக்கணக்கில் அளந்து அடுத்த தெருவோடு மோதவிடுகிற பக்தியைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

போன ஆடியில் ஒரு அம்மன் கோயில் கொடைக்கு விழாக் குழுவில் இருந்த அத்தனை பேர் படமும் வந்தது. எல்லாருக்கும் கூலிங் கிளாஸ். ஒவ்வொரு தலையாக வைக்க வைக்க, அம்மன் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போனாள். “அண்ணாச்சி, அம்மனுக்கு இடமே இல்ல,” என்றேன் குழுத் தலைவரிடம். அவர் யோசிக்கவே இல்லை. “அம்மனைக் கொஞ்சம் சுருக்கிக்கம்மா. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. நம்ம பயலுவள்ல ஒரு தலை விட்டுப்போச்சுன்னா கொடையே நடக்காது.”

கவுன்சிலர் இருக்காகளா?

குற்றாலத்தில் சீசன். கடை வாசல் வரைக்கும் சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், குடையை மடக்கிக்கொண்டு ஒரு அக்கா உள்ளே வந்தார். எங்கேயோ பார்த்த முகம். சிரித்ததும் கண்டுபிடித்துவிட்டேன், நானே மூடி மறைத்த பல் அல்லவா! “நீங்க மாரிச்செல்வி அக்காதான?” என்றேன். “ஒனக்காவது தெரியுதே. எங்க வார்டுல ஒருத்தருக்கும் தெரியல,” என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் வார்டில் பால்வாடிக்கு முன்னால் சாக்கடை அடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரை மிதித்துத்தான் உள்ளே போகின்றனவாம். அக்கா கூட்டத்தில் எழுந்து கேட்டால், அதற்குப் பதிலை அதிகாரி போன் போட்டு அண்ணாச்சியிடம் சொல்கிறார். அண்ணாச்சி ‘பாத்துக்கலாம்’ என்கிறார். முந்தின நாள் ஒரு பெண், பிள்ளைக்குக் காலெல்லாம் சிரங்கு என்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறாள். இவர் கதவைத் திறந்து, “சொல்லும்மா,” என்றிருக்கிறார். அவள் இவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “கவுன்சிலர் இருக்காகளாக்கா?” என்று கேட்டாளாம்.

சொல்லும்போதே அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. படத்தில் தன் வாயை மூடச் சொன்னது யார் என்று கேட்டார். அண்ணாச்சி சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். வீட்டு வாசலில் தன் முகம் பளிச்சென்று தெரிகிற மாதிரி ஒரு ஃபிளெக்ஸ் வேண்டும் என்றார். கவுன்சிலர் யார் என்று ஜனங்களுக்குத் தெரிந்தால்தானே தான் பேசுவதை நாலு பேர் காதில் வாங்குவார்கள், அந்தச் சாக்கடைக்கு விடிவு வரும் என்றார். நியாயம்தான். நான் போட்டோ எடுக்கச் செல்போனைத் தூக்கினேன். அக்கா சட்டென்று எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். “இரு தங்கச்சி, அவுககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருதேன்.”

நம்ம கலர்

எங்கள் பக்கம் கலர் என்றால் வெறும் கலர் இல்லை. மகளுக்குச் சடங்கு வைத்திருந்த ஒருவர், பார்டரை ‘நம்ம கலர்ல’ போடச் சொன்னார். எந்தக் கலர் என்று கேட்டதற்கு என்னை மேலும் கீழும் பார்த்து, “நீங்க என்ன ஆளுவ?” என்றார். “கம்ப்யூட்டர் ஆளுவ,” என்றேன். உள்ளே பாய் இருமினார். பார்டர் முடிந்ததும் மகளின் படத்தைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையை வெளுப்பாக்க வேண்டும், இன்னும் வெளுப்பாக்க வேண்டும். நான் நல்ல கறுப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே இதைச் சொல்கிறார் மனிதர். போகட்டும் சவம் என்று, சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். கூட வந்திருந்த அந்தப் பிள்ளை திரையை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டது: “யாருப்பா இது?”

ஓடை கண்ட நாயகன்

கேட்டுவிட்டு வருகிறேன் என்று போன அக்கா திரும்பி வரவே இல்லை. ஆனால் சீசன் முடிகிற நேரத்தில் அந்தப் பால்வாடிச் சாக்கடை ஓடையில் அடைப்பெடுத்து, மூடியும் போட்டாகிவிட்டது. மாரிச்செல்வி அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ச் சாக்கடை ஓரத்திலேயே போட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, வேலை முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லையாம். வருகிறவர் போகிறவர் எல்லாம் இதே பேச்சு. மறுநாள் காலையில் கடைக்கு வந்தது யார் என்கிறீர்கள்? சண்முகவேல் அண்ணாச்சி. அதே நடை, அதே செல்போன். “ஓடை கண்ட நாயகனேன்னு பெருசாப் போடு தங்கச்சி,” என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கீழே வட்டத்தை வரைந்து அக்காவை அதற்குள் வைக்கப் போனேன், வாசலில் அக்காவே நிற்கிறார். பாய் ஓடிவந்து நாற்காலி போட்டார். அக்கா உட்காரவில்லை. திரையைப் பார்த்துவிட்டு, “இவுக எப்ப ஓடைப் பக்கம் வந்தாக?” என்றார்.

“ஏட்டி, கடையில வச்சு என்ன பேச்சு? வீட்டுல போய்ப் பேசிக்கலாம்,” என்றார் அண்ணாச்சி.

“வீட்டுல பேசுனா இந்தப் படத்துல இருக்க மாதிரியே போனைக் காதுல வச்சுட்டு நடையக் கட்டிருவிய,” என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா என் பக்கம் திரும்பினார். “ஓட்டு விழுந்தது எனக்கு. நாத்தத்துல உக்காந்தது நான். என் படத்தைப் பெருசாப் போடு. சிரிக்கிற படம்.”

அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போய்விட்டது. கத்துவார் என்றுதான் நினைத்தேன். “அப்ப என் படம்?” என்றார் மெதுவாக. பாய் மெல்ல ஏசி அறைக்குள் நழுவினார். அக்கா நிதானமாகச் சொன்னார்: “அவுக படத்தைக் கீழ வட்டத்துல போடு தங்கச்சி. பல்லு தெரியாம பாத்துக்க.”

சாமியைச் சுருக்கினாலும் பொண்டாட்டியைச் சுருக்கினாலும் சத்தம் போடாமல் ஓடுகிற எங்கள் மெஷின், ஒரு அண்ணாச்சியைச் சுருக்கிய அன்றைக்கு மட்டும் சூடாகிப்போய் பாதியில் நின்றது. நான் விசிறிவிட்டு, மீதி ஃபிளெக்ஸையும் அடித்து முடித்தேன்.