மடுல்சீமையில் வாங்கிய எச்சில்

நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் குளிர்ப்பெட்டியைத் திறப்பதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. கையுறை போட்ட நாலைந்து பேர் தலைகுனிந்து நிற்க, ஒருவர் மவோரி மொழியில் கராகியா என்னும் சிறு வேண்டுதலைச் சொல்வார். அதன் பிறகுதான் கதவு திறக்கும். உள்ளே இருப்பது எச்சில். பசிபிக் தீவு மக்கள் சுண்டுவிரல் அளவுக் குழாய்களில் துப்பிக் கொடுத்த எச்சில். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் டயரியில் "எச்சிலுக்குப் பூசை" என்று எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டுச் சிரித்திருப்பேன். பிறர் வாய் வைத்த டம்ளரைத் தொட்டால் கை கழுவும் வீட்டில் வளர்ந்தவனுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

பொலினீசியத் தீவுகளில் மனிதர் எங்கிருந்து, எந்த வரிசையில் வந்து குடியேறினார்கள் என்பதை மரபணுவைக் கொண்டு தேடுவதுதான் எங்கள் ஆய்வு. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் படகு கிளம்பும்போது எல்லோரும் ஏறுவதில்லை. ஏறிய சிலருடைய மரபணுக்கள் மட்டுமே புதிய தீவுக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு படகு, இன்னும் சிலர். இப்படித் தீவு தீவாகப் போகப்போக வகைகள் குறைந்துகொண்டே வரும். அந்தக் குறைவைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் படகு வந்த வழி தெரியும். நான் விஞ்ஞானி அல்ல. குழாய்களுக்கு இலக்கம் ஒட்டுவதும், கொடுத்தவரின் ஒப்புதல் படிவம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. பதினெட்டு வருடத்தில் ஒரு குழாய் மாறிப்போனதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

இந்த வருட ஆரம்பத்தில் மாங்கெரெ பகுதியில் ஒரு தேவாலய மண்டபத்துக்கு எச்சில் வாங்கப் போயிருந்தோம். அங்கே தெரே என்ற பெண்மணி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். குக் தீவுகளில் பிறந்தவர், எழுபது வயது இருக்கும், பூப்போட்ட சட்டை. குழாயைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இது எங்க போகும்?"

"எங்கள் ஆய்வுகூடத்துக்கு."

"வேலை முடிஞ்ச பிறகு மிச்சம் இருந்தா?"

"பத்திரமாக வைத்திருப்போம்."

"யாரு? பேரைச் சொல்லு."

"நான்தான் வைத்திருப்பேன்."

"நீ செத்துப்போனா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விடவில்லை. இது தன்னுடைய எச்சில் மட்டும் இல்லை, தன் அம்மாவுடையதும் தன் பேத்திகளுடையதும், அவர்களையும் கேட்க வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ எந்தப் படகு?" என்றார். விமானத்தில் வந்தேன் என்றேன். மறுபடி சிரிப்பு. "உன்னைக் கேக்கல, உன் சனத்தைக் கேக்கறேன்" என்றார். இலங்கை, மலைநாடு, தேயிலைத் தோட்டம் என்றேன். அவர் புருவத்தை உயர்த்தி, "சொந்தத் தோட்டமா? பெரிய ஆளுங்கதான்" என்றார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தெரே மூன்று வாரம் கழித்து, பேத்திகளோடு வந்து, ஆறு நிபந்தனைகள் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் துப்பினார். அன்று டயரியில் நான் எழுதியது இது: "எங்கள் ஆட்களிடம் என்றால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்."

அந்த வாக்கியத்தை நான் நிரூபித்தும் விட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்தச் சித்திரை விடுமுறைக்கு நான் பிறந்த மடுல்சீமைத் தோட்டத்துக்குப் போனபோது, காலாவதியாகும் தறுவாயில் இருந்த ஏழு குழாய்களைச் சூட்கேசில் சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனேன். தீவுகளைப் போலத்தானே எங்கள் தோட்டங்களும், கங்காணி கூட்டி வந்த சிலர், அதில் தங்கிய சிலர் என்று எனக்கு ஒரு எண்ணம். ஆய்வுகூடத்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் தங்கள் தீவைக் காட்டும்போது நானும் ஒன்றைக் காட்ட வேண்டும் என்பது அதற்கும் அடியில் இருந்த எண்ணம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அக்கா பூமணியிடம் சொன்னேன். அவள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாலு வீட்டுக்குச் சொன்னாள். அக்காவோடு ஆறு பேர் வாசலில் வந்து நின்றார்கள். கூப்பிட்டு நிறுத்தவில்லை, தாங்களாகவே ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்பதுபோல. வெற்றிலை போட்ட வாயோடு துப்பக் கூடாது, வாய் கொப்பளித்து அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும் என்றேன். இருந்தார்கள்.

"எப்பவும் துப்புனா ஏசுவாங்க. இவரு நியூசிலாந்துலருந்து வந்து துப்பச் சொல்றாரு" என்றார் பக்கத்து வீட்டு மாரிமுத்து அண்ணன்.

"பேசாம நில்லுங்க. வாயைத் தொறந்தா வெத்தலை வாடை வருது" என்றாள் அவர் மனைவி சரசு.

எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கால்சட்டை போட்டு, கையில் கடதாசியோடு ஒருவன் வந்து நின்றால் கேட்காமல் செய்வது அந்த வாசலின் பழக்கம். ஊசி போட வருபவருக்குக் கை நீட்டுவார்கள், பேர் எழுத வருபவருக்குப் பேர் சொல்வார்கள், காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பார்கள். நான் அந்தப் பழக்கத்தில் பிறந்து, அது எப்படி வேலை செய்யும் என்று அறிந்து, அதைப் பயன்படுத்தினேன். படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. "அவரவர் மொழியில் விளக்கப்பட்டது" என்ற கட்டத்தில் ஆறு தடவை சரி போட்டேன். அக்கா மட்டும் குழாயை மூடிக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"ஏந் தம்பி, ஒடம்புல ஏதும் இருந்தா இது காட்டுமா?"

"எல்லாம் காட்டும்கா" என்றேன்.

ஏழாவது குழாயில் நான் துப்பினேன். டயரிக் குறிப்பு: "10.40. ஏழும் முடிந்தது. ஒரு பிரச்சினையும் இல்லை."

ஒப்பிட்டுப் பார்க்க வெளியார் மாதிரிகள் என்று சொல்லி அவற்றைப் பதிவு செய்தேன். ஆய்வை நடத்தும் பேராசிரியர், "ஒப்புதல் சரிதானே?" என்று கேட்டார். அதைச் சரிபார்ப்பவனே நான்தான். சரி என்றேன். இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, யாருடைய மரபணு யாருக்கு நெருக்கம் என்று காட்டும் படத்தில், ஆளுக்கொன்றாக ஏழு புள்ளிகளைத் திரையில் காட்டினேன். தென்னிந்தியப் புள்ளிகளுக்கு நடுவே போய் ஒட்டி உட்கார்ந்திருந்தன. எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் அவை கூறின. ஆனாலும் கை தட்டினார்கள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அக்கா போன் பண்ணினாள். அங்கே காலை, லயத்துச் சேவல் பின்னால் கூவிக்கொண்டிருந்தது. மழை, அட்டைக்கடி, தோட்டத்தை நடத்த வந்த புதுத் துரை என்று பேசிவிட்டு, கடைசியில் சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்த எச்சி டெஸ்ட்டுல எனக்கு ஒண்ணும் இல்லதானே?"

"ஏங்கா?"

"மார்ல ஒரு கட்டி மாதிரி இருக்கு. நீ வந்தப்பவே சின்னதா இருந்துச்சு. உங்கிட்ட எப்புடிச் சொல்றது. அதான் அதுல காட்டும்னு பாத்தேன். நீ ஒண்ணும் சொல்லல. சரி, ஒண்ணுமில்லன்னு இருந்துட்டேன். இப்ப கொஞ்சம் பெருசா தெரியுது."

சித்திரையிலிருந்து ஏழு மாதம். பசறை வழியாகப் பதுளைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு நாள் போய் வந்திருந்தால் டொக்டர் பார்த்திருப்பார். அவள் போகவில்லை. போகத் தேவையில்லை என்று நான் சொல்லியிருந்தேன், ஒன்றும் சொல்லாமலேயே. அந்தச் சோதனை நோயைப் பார்ப்பதல்ல என்று சொன்னேன். சொல்லி முடிக்க எனக்கு நேரமெடுத்தது.

"அப்ப என்னதான் பாத்த?"

"நம்ம ஆட்கள் எங்கருந்து வந்தாங்கன்னு."

"அதுக்கா? திருச்சிப் பக்கம்னு அப்பா சொல்லுவாரே. எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

திட்டியிருந்தால் நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். அவள் திட்டவில்லை. நாளைக்கே பதுளைக்குப் போகச் சொன்னேன். "சரிங்க" என்றாள். என் அக்கா என்னிடம் "சரிங்க" என்றது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. படிவம் சரிபார்க்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார். ஏழு புள்ளிகளும் ஆய்விலிருந்து நீக்கப்பட்டன. ஆறு பேரிடமும் நானே பேசி, அவர்கள் மொழியில் விளக்கி, குழாய்களை என்ன செய்வது என்று கேட்கச் சொன்னார். அடுத்த ஞாயிறு போனில் படிவத்தைத் தமிழில் வரி வரியாக வாசித்தேன். அக்கா போனை லயத்து வாசலில் எல்லோரும் கேட்கும்படி வைத்திருந்தாள். இந்தத் தடவை கேள்விகள் வந்தன. எங்கே வைத்திருக்கிறாய், யார் பார்த்தார்கள், எங்கள் பேர் அதில் இருக்கிறதா, பிள்ளைகளுக்கு நாளைக்கு ஏதும் வருமா. தெரே கேட்ட கேள்விகள்தாம், பாதிக்கு மேல். நான் பதில் சொல்லச் சொல்ல எனக்குக் காது சுட்டது.

"எனக்கு ஒண்ணுமில்ல, கெடந்துட்டுப் போகட்டும்" என்றார் மாரிமுத்து அண்ணன்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. பூமணிக்கு?" என்றாள் சரசு. கடைசியில் ஆறு பேரும் குழாய்களை வைத்திருக்க வேண்டாம், அழித்துவிடு என்றார்கள்.

அதற்குள் அக்கா பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தாள். சதையில் துளி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வரவில்லை. எடுக்கும் முன் ஒரு நர்ஸ் கடதாசியில் கையெழுத்துக் கேட்டாராம். "என்னா எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க மிஸ்னு கேட்டேன். அந்தப் புள்ள ஒக்காந்து பூராவும் வாசிச்சுச்சு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று டொக்டர் கேட்டாராம்.

"என்ன சொன்னக்கா?"

"பயமா இருந்துச்சுன்னு சொன்னேன். உன் பேரைச் சொல்லல."

போன புதன்கிழமை காலை 9.15க்கு ஆறு குழாய்களையும் எரிப்பதற்கு அனுப்பினோம். வேண்டுதல் சொல்லும்போது முதல் தடவையாக எனக்குத் தலை தானாகக் குனிந்தது. அதை நல்லது என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அக்காவின் சதைத்துளி எங்கோ ஒரு ஆய்வுகூடத்தில், என்னைப் போன்ற ஒருவன் ஒட்டிய இலக்கத்தோடு, காத்திருக்கிறது. இங்கே பதிவேட்டில் மடுல்சீமை என்ற பெயருக்கு எதிரே இப்போது ஒரே ஒரு குழாய் மிஞ்சியிருக்கிறது. அது என்னுடையது. அங்கே இல்லாத ஒருவனின் எச்சில்.