திரும்பிப் பார்க்காத ஓட்டக்காரன்

சொன்னால் எங்கள் சனம் இன்றைக்கும் நம்பாது. எண்பதுகளின் கடைசியில் நான் லண்டனில் அமெரிக்கக் கால்பந்து விளையாடினேன். காலால் உதைக்கிற பந்தில்லை. தோளில் கவசமும் தலையில் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு, உரித்த தேங்காய் மாதிரி ஒரு பந்தைக் கையால் எறிந்து பிடித்து, ஆளை ஆள் இடித்து விழுத்துகிற விளையாட்டு. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பைத்தியம் பிடித்த அச்சகத் தொழிலாளி ஒருவர் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஓர் அணி வைத்திருந்தார். பயிற்சியாளரும் அவரே. ஒரு ஞாயிறு காலை பெற்றோல் செட்டில் இரவு வேலை முடிந்து பூங்கா ஓரமாக வந்தபோது அந்தப் பந்து என் முகத்துக்கு நேரே பறந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நின்ற கை இது. சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்காமலே ஒற்றைக் கையால் பிடித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு எனக்கும் ஒரு ஹெல்மெட் தந்தார்கள்.

என் இடத்துக்குப் பெயர் வைட் ரிசீவர். மைதானத்தின் ஓரத்தில் நின்று, முன்னால் ஓடி, பின்னாலிருந்து எறிகிற பந்தைத் திரும்பிப் பார்த்துப் பிடிக்க வேண்டும். பிடிப்பதில் என்னை விட்டால் ஆளில்லை. ஓட்டம்தான், ஐயோ, ஆமை என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற மாதிரி நான் காலில் போட்ட சப்பாத்தைக் குறை சொல்லித் திரிந்தேன். மற்ற ஓரத்தில் ஓடியவரும் தொந்தி வைத்த ஒரு மனுசன். எங்களில் ஒருவரும் தங்களைத் தாண்டி ஓடப்போவதில்லை என்று எதிரணிகளுக்கு விளங்கிவிட்டது. எல்லோரும் முன்னுக்கு வந்து எங்களை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் ஒழுங்காகத் தோற்றோம்.

பயிற்சியாளர் ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டார். வேகமாக ஓடுகிறவன் ஒருத்தன் வேண்டும் என்றார். அவன் பந்தைப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, அவனுக்குப் பயந்து இரண்டு பேர் பின்னுக்குப் போனாலே உனக்கு இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் இந்தக் கோடையோடு அணியைக் கலைத்துவிடுவேன் என்றார்.

ஆறு நாளும் பெற்றோல் செட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து எந்தப் பம்ப் என்று கேட்கிற சீவியம். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. ஊர்க் கடிதம் வந்தால் உடைக்கப் பயம். ஞாயிறில் அந்த இரண்டு மணித்தியாலம் மட்டும்தான் நான் ஒன்றையும் நினைக்காமல் இருந்தேன். அதுவும் போனால் நான் என்ன செய்வேன்?

வேகமானவன் என் அறையிலேயே இருந்தான். இல்ஃபோர்டில் என்னோடு ஓர் அறையைப் பகிர்ந்தவன், என்னைவிட ஏழெட்டு வயது இளையவன், நாட்டை விட்டு வந்து நாலைந்து மாதம். வாயைத் திறந்து கதைக்க மாட்டான். ஒரு காலை நான் ஏறிய பஸ்ஸை அவன் தவறவிட்டான். மேல்தட்டிலிருந்து பார்க்கிறேன், பஸ்ஸோடு பஸ்ஸாக ஓடி அடுத்த தரிப்பில் எங்களுக்கு முன்னால் நிற்கிறான். மூச்சுக்கூட வாங்கவில்லை.

"எனக்கு உந்த விளையாட்டெல்லாம் தெரியாது அண்ணை."

"ஓடத் தெரியும்தானே? அது காணும்."

அவனுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவன் நான். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. தெரிந்துதான் கேட்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஓடினான், அப்பா, என்ன ஓட்டம்! ஒருவரும் கிட்ட நெருங்க முடியவில்லை. ஆனால் பந்தை எறிந்தால் திரும்பிப் பார்க்க மாட்டான். பந்து அவன் ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் பட்டுத் தெறித்தது. இன்னொரு தரம். இன்னும் ஒரு தரம்.

"டேய், திரும்பிப் பாரடா!"

"ஏலாது அண்ணை."

"ஏன் ஏலாது? கழுத்திலை சுளுக்கோ?"

ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு நின்றான். கொழுப்பு என்று நினைத்தேன். கோடை முழுவதும் அவனைப் பார்த்துத் திரும்பிப் பார் என்றே கத்தினேன்.

பயிற்சியாளர் அலட்டிக்கொள்ளவில்லை. ஓடட்டும், பந்தை அவனுக்கு எறியவே வேண்டாம் என்றுவிட்டார். அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு தரமும் அவன் உயிர் போகிற மாதிரி ஓடுவான். இரண்டு பேர் திடுதிடுவென்று அவனைத் துரத்திக்கொண்டு போவார்கள். அவர்கள் விட்டுப்போன வெளியில் நான் ஆறுதலாக, அவசரமில்லாமல் நின்று பந்தைப் பிடிப்பேன். வெல்லத் தொடங்கினோம். எல்லோரும் வந்து என் முதுகில் தட்டினார்கள். அவன் முதுகில் ஒருவரும் தட்டவில்லை, நானும்தான்.

ஆனாலும் அவன் சந்தோசமாகத்தான் இருந்தான். "இண்டைக்கு வந்தவங்கள் நல்லாத் துரத்தினாங்கள் அண்ணை," என்பான். "கடைசிமட்டும் பின்னால வந்தாங்கள்." இதுவும் ஒரு சந்தோசமா என்று நான் சிரித்தேன்.

கடைசி ஆட்டம் மழைக்குள் நடந்தது. வென்றால் அடுத்த வருடமும் அணி இருக்கும் என்று பயிற்சியாளர் வாக்குத் தந்திருந்தார். வந்த அணிக்காரர் எங்களைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இவன் திரும்ப மாட்டான், பந்தும் இவனுக்குப் போகாது என்று தெரிந்து, நேரம் முடிகிற கட்டத்தில் அவனைக் கவனிக்காமலே விட்டார்கள். பந்தோடு ஒரு தரம் கடைசிக் கோட்டைத் தாண்டினால் வெற்றி. பயிற்சியாளர் அவனுக்கே நீளமாக எறியச் சொன்னார். நான் அவனிடம் ஓடிப்போய், "திரும்ப வேண்டாம், கையை மட்டும் முன்னால நீட்டு. பந்து தானாக வந்து விழும்," என்றேன். தலையாட்டினான்.

ஓடினான். பின்னால் ஒரு குருவியும் போகவில்லை. பந்து மழையைக் கிழித்துக்கொண்டு அளவாக அவன் தலைக்கு மேலால் போனது. "ஓடு! ஓடு!" என்று நான் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். நடு மைதானத்தில் அவன் நின்றுவிட்டான். நின்று, திரும்பிப் பார்த்தான். பந்து அவனைத் தாண்டிப் போய்ச் சேற்றில் விழுந்தது.

நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். "விசரா! திரும்பிப் பார் எண்டு கோடை முழுக்கக் கத்தினன். வேண்டாம் எண்ட அண்டைக்கோ பாக்கிறாய்?" பயிற்சியாளர் ஹெல்மெட்டுகளைச் சாக்கில் போட்டுக் கட்டினார். பஸ் தரிப்பில் நனைந்துகொண்டு நின்றபோதும் நான் புறுபுறுத்துக்கொண்டே இருந்தேன்.

"பின்னால சத்தம் கேக்கேல்லை அண்ணை," என்றான்.

"என்ன சத்தம்?"

"காலடிச் சத்தம். ஆமி சுத்திவளைப்பு நடந்த அண்டைக்கு நானும் என்ர தம்பியும் வயலுக்குள்ளால ஓடினனாங்கள். நான் முன்னுக்கு, அவன் பின்னுக்கு. அவன்ர கால் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. பிறகு நிண்டிட்டுது. நான் திரும்பிப் பாக்கேல்லை. பாத்தால் நானும் நிண்டிடுவன்."

எங்கள் பஸ் வந்தது. நாங்கள் ஏறாததால் போய்விட்டது.

"இண்டைக்கும் அப்பிடித்தான், ஒரு சத்தமும் இல்லை. இந்த முறை நிண்டு பாத்தன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான், கோபம் இல்லாமல்தான் பார்த்தான்.

"தம்பி நிண்ட இடத்திலை ஆர் நிண்டது தெரியுமே அண்ணை? நீங்கள். ரெண்டு கையையும் ஆட்டி, ஓடு ஓடு எண்டு கத்திக்கொண்டு நிண்டியள்."