இது நம்ம பிள்ளைக்கு வந்த கடிதம்தான்

எங்கள் அப்பா கர்த்தருக்குள் அடங்கி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களுக்காக அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று சபையில் சொன்னார்கள். அழகாக எழுதுவது அப்பாவின் வேலை, எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யாருக்காவது சுருக்கென்று இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது யாங்கோனுக்கு வெளியே கியாக்தானில். தாத்தா மிஷன் பள்ளியில் படித்துக் குமாஸ்தாவாக இருந்தவர். வேலை போன பிறகு அங்கே ஒரு சின்னக் கடை வைத்தார். கடையில் ஆள் வராத நேரத்தில் அவர் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அப்பா யாங்கோனுக்கு வந்து, ஒரு கப்பல் ஏஜென்சியின் கடிதப் பிரிவில் சேர்ந்தார். முப்பது வருடம் அதே நாற்காலி. கல்யாணத்துக்குப் பிறகு இங்கே தாகேதாவில் குடியேறினார். தம்பிக்கு ஆறு வயதாகும்போது அம்மா இறந்துபோனார். அப்பாவே சமைத்தார், அப்பாவே துவைத்தார். அவருடைய சாம்பாரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அப்பாவுக்குப் பொய் வராது. முகத்துக்காகக்கூட வராது. கோயிலில் பாட்டுப் பாடிவிட்டு "எப்படிண்ணே இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டவர்களிடம் "ரெண்டாவது பாட்டு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வருவார். அதனால் அவரோடு பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு. அவர்களில் இரண்டு பேருக்கும் இந்த மலர் வரும்.

தம்பி பேஸ்பால் ஆடினான். நம் ஆட்களுக்கு அது என்ன விளையாட்டு என்றே தெரியாது. ஜப்பானிலிருந்து வந்த ஒரு சயா, பேஸ்பால் வாத்தியார், பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். தம்பி பந்து வீசுவதைப் படம்பிடித்து, அமெரிக்கக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் பார்க்கும் இணையதளத்தில் அவர்தான் போட்டார். தம்பி சின்னப் பையன் என்பதால் அப்பாவின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தார். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்தன.

"அக்கா, எத்தனை காலேஜ் கூப்பிடுது பாரு!" என்று தம்பி வீட்டில் தரையில் நிற்கவில்லை.

அப்பா ஒவ்வொன்றையும் தெருமுனைக் கடையில் அச்செடுத்து வரச்சொல்லி, பென்சிலோடு உட்கார்ந்தார்.

"போன்லயே படிக்கலாம்லப்பா," என்றான் தம்பி.

"தாள்ல படிச்சாத்தான்டா பொய் தெரியும். ஊருக்கெல்லாம் ஒரே கடிதம் அனுப்புறது எப்படின்னு எனக்குத் தெரியும். முப்பது வருஷம் நான்தானே எழுதினேன்."

மேலே மட்டும் பெயர் இருந்து, உள்ளே அவனைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் தள்ளு. "உங்கள் இடதுகை வீச்சு அருமை" என்று ஒருவர் எழுதியிருந்தார். தம்பி வலதுகைக்காரன். கோடை முகாமுக்குக் கட்டணம் கட்டி வரச்சொன்னவர்களை அப்பா இரண்டாம் முறை படிக்கவே இல்லை. கொஞ்சம் தேறியவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி எழுதிக் கேட்டார்: "படத்தில் இவன் செய்த தவறு என்ன?" பலர் பதில் போடவில்லை. சிலர் மறுபடியும் முகாம் அழைப்பையே அனுப்பினார்கள். தம்பியின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. எனக்கோ, சொன்னால் என்ன, உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் மாலை க்யிம்யிண்டைங்கில் மருந்துக் கடை வேலையை முடித்து வரும் வழியில் அன்றைய கடிதத்தை நான்தான் அச்செடுத்து வந்தேன். தம்பி மைதானத்தில் இருந்தான். ஒரு சின்னக் கல்லூரியின் பயிற்சியாளர் எழுதியிருந்தார். மூன்றாவது வீச்சில் இடதுகால் தாமதமாக ஊன்றுகிறது, அதைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆகும், அந்த ஒரு வருடம் நான் காத்திருக்கத் தயார் என்று இருந்தது. பள்ளி மதிப்பெண்களைக் கேட்டிருந்தார். கடைசியில், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், இவனை அனுப்ப உங்களுக்கு மனம் வருமா என்றும் கேட்டிருந்தார்.

அப்பா படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். பென்சிலைத் தொடவே இல்லை.

இந்த இடத்தைத் தம்பி இதுவரை அறியான். நான் சொன்னேன்: "இதையும் சர்குலர்னு சொல்லிடுங்கப்பா. நீங்க சொன்னா அவன் நம்புவான். அவனும் போயிட்டா நம்ம ரெண்டு பேரும் இந்த வீட்ல என்ன பண்றது?"

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எனக்கும் அப்படித்தான்ம்மா இருக்கு" என்றார். தம்பி வியர்வையோடு உள்ளே வந்ததும் அப்பா தாளை அவனிடம் நீட்டினார்.

"இது நம்ம பிள்ளைக்கு வந்த கடிதம்தான். போ."

தம்பி போனான். அதன் பிறகு வீட்டில் பேச்சே குறைந்துபோனது. அப்பா தினமும் மைதானத்துக்கு நடந்துபோய், யாரோ பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துவிட்டு வருவார். "நல்லா ஆடுறாங்களாப்பா?" என்றால் "இல்லை" என்பார். சிறுநீரகம் கெட்டு ஏழு மாதம் படுக்கையில் இருந்தபோதும் "அவனை வரச்சொல்லு" என்று ஒருமுறைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு வேதத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடிப்பதற்குள் கை தளர்ந்துவிட்டது.

ஒரே மகன் அடக்கத்துக்கு வரவில்லையே என்று பேசிக்கொண்டவர்களுக்கு: தடுத்தது நான். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் காலம் இது, அவன் வயதுப் பிள்ளைகள் நாட்டுக்குள் வந்தால் மறுபடி வெளியே போக விடமாட்டார்கள். இங்கே இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவனைக் குறை சொல்லாதீர்கள்.

அப்பாவைக் குளிப்பாட்டவும் எடுக்கவும் எனக்குத் துணைநின்ற பக்கத்து வீட்டு டோ ஸ்வே அம்மாவுக்கும், மகன் நிற்க வேண்டிய இடத்தில் நின்று பெட்டியைத் தூக்கிய அவர் மகன் கோ மினுக்கும், ஏழு மாதமும் முறைபோட்டு வந்து ஜெபித்த சபையாருக்கும், சொல்லாமலே மொகிங்கா சமைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன தெருக்காரர்களுக்கும் என் நன்றி. தம்பிக்காக ஒரு வருடம் காத்திருந்த அந்தப் பயிற்சியாளருக்கும் நன்றி. அவருக்குத் தமிழ் தெரியாது, தம்பி படித்துச் சொல்லட்டும்.

தம்பி, அன்று நான் சொன்னதை இப்போது தெரிந்துகொண்டிருப்பாய். கோபம் வந்தால் வரட்டும். ஒருத்திக்கு மட்டும் சோறு வடிக்கும்போது, நான் சொன்னதைக் கேட்டிருக்கலாமே அப்பா என்று இன்றும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஓராண்டு ஜெபத்துக்காவது வரட்டுமா என்று போன வாரம் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். வா என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம்தான். இதோ, அச்சில் சொல்கிறேன்: வராதேடா.