சைகோனில் வீட்டுச் சாப்பாடு

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குப் பக்கத்து வீட்டில் விருந்து. புது மாப்பிள்ளை காசிம் தன் மாமனாரையும் என்னையும் கூப்பிட்டிருந்தான்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்தக் கல்யாணத்தையே கலைக்கப் பார்த்தவன் நான் என்று காரைக்காலில் ஒரு பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்டவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள்!

நான் கலைக்கவில்லை. உண்மையைச் சொன்னேன் — அவ்வளவுதான். முழுக் கதையையும் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

காசிம் ஏழெட்டு வருஷம் சைகோனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவன். அங்கே பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டியதும் இவனும் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தான். பரம சாது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் பெண் கொடுக்கத்தான் ஆளில்லை.

காரணம், சைகோன். அங்கே போன நம்மவர்களில் யாரோ சிலர் அங்கேயும் ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார்கள். அதனால் திரும்பி வந்தவர்கள் எல்லோர் மீதும் சந்தேகம். காசிமுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் இப்படித்தான் தட்டிப் போயிற்று.

மூன்றாவதாக வந்தது திருமலைராயன்பட்டினத்து ஹமீது மரைக்காயரின் பெண். காசிமின் உம்மா எங்கள் கொல்லைப்புறம் வந்து நின்றார்.

"மரைக்காயர் உங்ககிட்டதான் விசாரிக்க வருவாருங்க சார். வாத்தியார் பொய் சொல்ல மாட்டாருன்னு ஊர்ல பேரு. நாலு வார்த்தை நல்லதா சொல்லுங்க. இதுவும் போச்சுன்னா மறுபடியும் கப்பலேறிடுவேங்கிறான். எனக்கு இருக்கறது ஒத்தைப் புள்ள."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. நாலு வார்த்தை என்ன, நாற்பது வார்த்தை சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை விசாரிப்பது என்பது நம் ஊரில் தனிக் கலை. கேட்பவர் நேராகக் கேட்க மாட்டார். சொல்பவர் நேராகச் சொல்ல மாட்டார். "பையன் எப்படி?" என்று கேட்டால், "அவங்க வாப்பா தங்கமான மனுஷர்" என்று பதில் வரும். கேட்டவர் உடனே செருப்பை மாட்டிக்கொள்வார். வாப்பாவைப் பற்றியா கேட்டோம்? பையனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் பதில். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் காரியம் முடிந்துவிட்டது!

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

மரைக்காயர் வந்தார். மழையைப் பற்றிப் பேசினார். நெல் விலையைப் பற்றிப் பேசினார். டீயை ஆற்றிக்கொண்டே, ஏதோ திடீரென்று நினைவு வந்தவர் போலக் கேட்டார்.

"ஆமா... சைகோன்ல மாப்பிள்ளைக்குச் சாப்பாடெல்லாம் எப்படிங்க?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா? காசிமின் ஒழுக்கத்துக்கு இது ஒன்று போதாதா?

"ஓட்டல் பக்கமே தலைவெச்சுப் படுத்ததில்லைங்க. அத்தனை வருஷமும் மூணு வேளையும் வீட்டுச் சாப்பாடுதான்" என்றேன், பெருமையாக.

மரைக்காயர் டீயை அப்படியே கீழே வைத்துவிட்டார். "அப்படிங்களா... வீட்டுச் சாப்பாடுங்களா" என்று மெதுவாகச் சொன்னார். "வரேங்க" என்று எழுந்து போயே போய்விட்டார்.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். முகத்தில் அனல்.

"அவர் என்ன கேட்டாரு, நீங்க என்ன சொன்னீங்க?"

"சாப்பாடு எப்படின்னு கேட்டார். சொன்னேன்."

"சாப்பாட்டையா கேட்டாரு? சமைச்சுப் போடுறது யாருன்னு கேட்டாருங்க. வீட்டுச் சாப்பாடுன்னு சொல்லி ஒரு வீட்டைக் கட்டி, உள்ள ஒரு பொண்டாட்டியையும் உக்கார வெச்சுட்டீங்களே."

நான் சொன்னதில் ஒரு எழுத்தாவது பொய் உண்டா? அவன் தன் கையாலேயே பொங்கித் தின்றான். அதை வீட்டுச் சாப்பாடு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? ஆனால் உண்மை என்னிடமும் அர்த்தம் அவரிடமும் இருந்தால் நான் என்ன செய்ய முடியும்?

சரி, கெட்டதைச் சரிசெய்வோம் என்று மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு திருமலைராயன்பட்டினத்துக்குப் போனேன். மரைக்காயர் வாசலிலேயே இருந்தார். உட்காருவதற்கு முன்பே கொட்டிவிட்டேன்.

"சைகோன்ல அந்தத் தம்பிக்கு யாருமே கிடையாதுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் அப்படி ஒண்ணும் கேக்கலீங்களே சார்."

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதைப் போல ஆபத்து வேறு இல்லை. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் "உங்கள் வெள்ளிச் சொம்பை நான் எடுக்கவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் முதலில் எதைத் தேடுவார்கள்? "சத்தியமா இல்லைங்க" என்று வேறு சேர்த்தேன். இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

மரைக்காயர் ஒரு முடிவுக்கு வந்தவராகச் சட்டையை மாட்டினார். "கோட்டுச்சேரில சுல்தான்னு ஒருத்தர் மளிகைக்கடை வெச்சிருக்காராமே. மாப்பிள்ளையோட சைகோன்ல ஒரே ரூம்ல இருந்தவராம். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம். நீங்களும் வாங்க."

காசிமுக்கும் சுல்தானுக்கும் ஆகவே ஆகாது. கடைத்தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார். போயும் போயும் அந்த ஆளிடமா? உம்மாவின் முகம் கண்முன் வந்து நின்றது. சைக்கிளை அவர் வாசலிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். வழி நெடுக நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தவரைக்கும் போதாதா?

சுல்தான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். காசிம் என்ற பேரைக் கேட்டதுதான் தாமதம் — பிடித்துக்கொண்டார்.

"அவனா? அவன் பேச்சை எடுக்காதீங்க. நாலு வருஷம் அவன்கூட ஒரே ரூம்ல கிடந்து சீரழிஞ்சேன். பத்து மணி அடிச்சா கதவைப் பூட்டிடுவான். நான் சினிமா பாத்துட்டு வந்து படிக்கட்டுல படுத்துக் கிடந்திருக்கேன். ஒரு நாளாவது கூட வந்திருப்பானா? கூப்பிட்டா, உம்மாவுக்குக் கடுதாசி எழுதணும்பான்."

மரைக்காயர் ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்புறம்?"

"மனுஷனா அவன்? பக்கத்துக் கடையில ஒரு பொண்ணு இருந்துச்சு. இவனைக் கண்டா சிரிக்கும். இவன் குடையை விரிச்சு மூஞ்சிய மறைச்சுக்கிட்டுப் போவான். வானத்துல பொட்டு மேகம் இருக்காது."

"அடடா... ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க" என்றார் மரைக்காயர். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு குரலைத் தாழ்த்தி, "சமையலெல்லாம்?" என்றார்.

"அதை ஏன் கேக்குறீங்க. அவன்தான் சமைப்பான். வேற ஆளை அடுப்பைத் தொட விடமாட்டான். சோறு பசையாயிடும், மீனு கரியாயிடும். அதைத் தின்ன வயிறுங்க இது. என் வயித்தெரிச்சல் அவனைச் சும்மா விடாது."

நான் நாற்பது வார்த்தை நல்லதாகச் சொல்லி எழுப்ப முடியாத சுவரை, இந்த ஆள் திட்டியே எழுப்பிவிட்டார். வேண்டியவன் புகழ்ந்தால் அது சிபாரிசு. வேண்டாதவன் திட்டினால்தான் சர்டிபிகேட் போலிருக்கிறது.

மரைக்காயர் முன்னால் இறங்கிப் போனார். சுல்தான் என் பக்கம் குனிந்தார்.

"இன்னும் ரெண்டு திட்டு கைவசம் இருக்கு சார். இது போதுமா, அதையும் சொல்லணுமா?"

அவர் முகத்தில் கோபத்தைத் தேடிப் பார்த்தேன். காணவில்லை.

பஸ்ஸில் மரைக்காயர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். பஸ் காரைக்காலை நெருங்கும்போது மட்டும் சட்டென்று நிறுத்தினார். "ஏன் சார், இந்த சுல்தானும் மாப்பிள்ளையும் முன்கூட்டியே பேசி வெச்சிருக்க மாட்டாங்களே?" கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். நான் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தேன்.

நிக்காஹ் நன்றாக நடந்தது. உம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. ஆனால் மரைக்காயர் பார்வையில் மட்டும் ஒரு சின்ன முள் தங்கியிருந்தது. மாப்பிள்ளைக்குத் தபால் வந்தால் அதில் எந்த ஊர் முத்திரை என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். பாவம், பெண்ணைப் பெற்றவர்.

இந்த நிலையில்தான் போன வெள்ளிக்கிழமை விருந்து. "அந்தச் சைகோன் சமையலை நானும் ஒரு நாளைக்குப் பாக்கறேன்" என்று புதுப்பெண் பிடிவாதம் பிடிக்க, காசிம் வேறு யாரையும் அடுப்பை அண்டவிடாமல் தானே சமைத்திருந்தான்.

ஜும்மா தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தோம். தட்டு வந்தது. நான் ஒரு கவளம் வாயில் வைத்தேன். மரைக்காயர் தன் தட்டில் கை வைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம். எதிரே காசிம், கையில் அகப்பையோடு.

"சாப்பாடு எப்படிங்க சார்?" என்றார் மரைக்காயர்.

ஒரு தடவை சூடு பட்டவன் நான். சற்று யோசித்தேன்.

"தண்ணி ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன்.

திரைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மரைக்காயர் ஒரு கவளம் எடுத்தார். வாயில் போட்டார். மென்றார்... மென்றுகொண்டே இருந்தார். இத்தனை நாளும் அவர் கண்ணில் இருந்த அந்த முள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழன்று விழுந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார், கண் கலங்க. "அத்தனை வருஷமும் இவரேதான் சமைச்சிருக்காரு."