புள்ளிவண்டுக்காக நான் வாதாடிய தோட்டம்

வாசகரே, இந்தப் பயணத்துக்கு உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நான் சொல்வதில் ஒரு சொல்லேனும் எனக்குச் சாதகமாகச் சாய்ந்தால் அவ்விடத்திலேயே என்னை நிறுத்துங்கள்.

பத்தொன்பது வயதுக்குள் பதினொரு மேடைகளில் வென்றவன் நான். பன்னிரண்டாவது வெற்றி, சென்ற மாதம், சுன்னாகத்துக்கு அண்மையில் உள்ள சிற்றூரொன்றின் வாசிகசாலையில் கிடைத்தது. பூச்சிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கச் சென்றிருந்தேன். கத்தரிச் செடியில் திரியும் சிவந்த புள்ளிவண்டு நண்பனா, பகைவனா என்று தோட்டக்காரர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். எழுந்தேன். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிகளைத் தின்று பயிரைக் காக்கும் காவலன் இவ்வண்டு என்று முக்கால் மணி நேரம் முழங்கினேன்.

“இல்லைத் தம்பி, உது இலை தின்னுறதை என்ரை கண்ணாலை கண்டனான்” என்று குறுக்கிட்டார் தோட்டக்காரர்களில் ஒருவரான நாகலிங்கண்ணை.

“காவல்காரனைக் கள்ளனென்று கட்டிவைக்கும் ஊரா இது?” என்றேன். சபை சிரித்தது. தலையைக் குனிந்தபடி அவரும் சிரித்தார். மறுநாளே அவர் செடிகளில் வண்டு பொறுக்கி அழிப்பதை நிறுத்திவிட்டாரெனக் கேள்வியுற்றுப் பெருமைப்பட்டேன். அவருடைய முந்நூறு கத்தரிச் செடிகள் என் சொல்லை நம்பி நின்றன. அவை எப்படி நிற்கின்றன என்று காணவே வைகாசியின் முதற் சனிக்கிழமை புறப்பட்டேன்.

காலை 5.40, கோப்பாய். போரினால் மின்சாரம் போய் மூன்றாவது கோடை இது. சைக்கிள் கூடையில் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி, நாற்பது பக்கக் கொப்பி, மூடியில் துளையிட்ட இரண்டு ஜாம் போத்தல்கள்.

6.10, உரும்பிராய், மூன்று கிலோமீற்றர் அளவு. வேலியோர எருக்கலையில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் வளையமிட்ட புழுக்கள் ஐந்து. செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள் என்று குறித்துக்கொண்டேன். அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. அதன் வாசற் படலைத் தூணில் கருவண்டொன்று வட்டத் துளையிட்டு உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. அவ்வீட்டில் போக்குவரத்து என்றிருந்தது அது ஒன்றுதான்.

6.50, மருதனார்மடம். பனங்கட்டித் துண்டோடு, பால் விடாத தேநீரான பிளேன்ரீ மூன்று ரூபாய். கடைக்காரர் என் கூடையை எட்டிப் பார்த்தார்.

“போத்தில் என்னத்துக்குத் தம்பி, மண்ணெண்ணெய் வாங்கவோ?”

“இல்லை அண்ணை, பூச்சி பிடிக்க.”

“அட கடவுளே! சனம் மண்ணெண்ணெய்க்கு அலையுது, இவர் பூச்சிக்கு அலையுறார்!”

கடை வாங்கிலில் அமர்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பதில் நாவில் ஆயத்தமாக இருந்தது. அதற்குள் தெற்கே விமானமொன்றின் இரைச்சல் கேட்டது. எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். அது தேய்ந்து மறைந்த பின் ஒருவரும் சிரிக்கவில்லை.

7.30, நாகலிங்கண்ணையின் தோட்டம். செடிகள் நின்றன, இலைகள் இல்லை. பச்சையம் சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் எஞ்சிய பழுப்புச் சல்லடைகள் காற்றில் சரசரத்தன. பிஞ்சுகளின் தோலிலும் சொறி விழுந்திருந்தது. அண்ணையும் அவருடைய மனைவி இராசம்மா அக்காவும் குந்தியிருந்து, தண்ணீர் நிறைத்த தேங்காய்ச் சிரட்டைகளில் வண்டுகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வாரும் தம்பி,” என்றார் அண்ணை. “உம்மடை காவல்காரர் நல்லாச் சாப்பிட்டிட்டினம்.”

சாட்சியாக நிற்பவரே, அப்போதும் நான் வாதாடினேன். “வேறை ஏதும் புழு திண்டிருக்கும் அண்ணை” என்றேன்.

அக்கா ஓர் இலையைத் திருப்பிப் பிடித்தார். உடலெங்கும் முட்கள் கிளைத்த மஞ்சட் புழுக்கள் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே புள்ளிவண்டும் அதே வேலையில் இருந்தது.

“இது ஆரின்ரை பிள்ளையள்? சொல்லும் பாப்பம்.”

அவர் பயற்றைக் கொடியிலிருந்து இன்னொரு வண்டைப் பிடித்து வந்து, இரண்டையும் உள்ளங்கையில் விட்டார். “பயற்றையிலை நிக்கிறதுக்கு முதுகு எண்ணெய் பூசின மாதிரி மினுங்குது. அதுதான் நீர் சொன்ன நல்ல வண்டு. கத்தரியிலை நிக்கிறதுக்கு மினுக்கமில்லை, பூனைமயிர் கிடக்கு. புள்ளியையும் எண்ணும்.”

கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒன்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில புள்ளிகள். மற்றதில் இருபத்தெட்டு, முதுகெங்கும் மெல்லிய மயிர். என் பாடநூலில் இருந்தது ஒரேயொரு வண்டின் படம். அதை மனனம் செய்த நான், கத்தரியில் நின்ற வண்டின் முதுகை ஒருதரமேனும் எண்ணிப் பார்க்கவில்லை.

“அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா?”

“வாசிகசாலைக்குள்ளை பொம்பிளையளை ஆர் கூப்பிட்டது? இவருக்குச் சொன்னனான். ‘பெடியன் படிச்சவன், திருப்பிக் கதைச்சால் இன்னும் சிரிப்பாங்கள்’ எண்டு இருந்திட்டார்.”

அண்ணை சிரட்டையை விட்டு நிமிரவில்லை. “ஆவணி வரைக்கும் இதிலைதான் எங்கடை சீவியம்” என்றார். “சுன்னாகம் சந்தையிலை இந்தச் சொறிக்காயை ஆர் வாங்குவான்?”

அக்கா சொன்னார்: “எங்கடை தோட்டம் போயிட்டுது தம்பி. மற்ற ஏழு தோட்டக்காரரும் இன்னும் உம்மடை பேச்சை நம்பி வண்டு பொறுக்காமல் இருக்கினம். அங்கை இப்பதான் ஏறத் தொடங்கியிருக்கு.”

10.30 வரை அவர்களோடு குந்தியிருந்து பொறுக்கினேன். கொப்பியைத் திறக்கவேயில்லை. கோப்பாயில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பவை அழகுக்கு வளர்த்த குரோட்டன்கள் மட்டுமே. எந்த மேடையிலும், என் கட்சி தோற்றாலும் வென்றாலும், எங்கள் வீட்டு உலையில் அரிசி குறைந்ததில்லை. தோற்பதற்கு ஏதுமில்லாதவனின் துணிச்சலைத்தான் இவ்வளவு நாளும் நாவன்மை என்று எண்ணியிருந்தேன்.

சைக்கிளைப் படலைவரை உருட்டிச் சென்றவன் நின்றேன். அடுத்த தோட்டத்தில் நின்றவருக்கும் கேட்கும்படி, உரத்த குரலில் சொன்னேன்:

“அண்ணை, ஏழு தோட்டத்துக்கும் இப்பவே போய்ச் சொல்லுறன். பின்னேரம் ஐஞ்சு மணிக்கு வாசிகசாலையிலை அதே ஆக்களுக்கு முன்னாலை நிண்டு, நான் பிழை, நீங்கள் சரி எண்டு சொல்லுவன். அக்காவை உள்ளுக்குக் கூப்பிட்டு ரெண்டு வண்டையும் காட்டச் சொல்லுவன். அதுக்கு மேலை ஒரு சொல்லும் பேசமாட்டன்.”